புதுப்பிப்பு: ஏசி போட்டால் ரேஞ்ச் எவ்வளவு குறையும்?

காரைக்குடியிலிருந்து மதுரை போகும்போது எங்கள் மின்சாரக் காரில் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறைகிறதே, ஏசியா, விளக்கா, பாட்டா காரணம் என்று சித்திரையில் கேட்டிருந்தேன். காரின் திரையில் எதற்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே வந்ததில் விஷயம் பிடிபட்டுவிட்டது.

போன் சார்ஜ், பாட்டு, எல்இடி விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. 10 வாட் சார்ஜர் இரண்டு மணி நேரம் ஓடினால் 0.02 யூனிட், எங்கள் வண்டி யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும், அப்படியென்றால் ரேஞ்சில் 140 மீட்டர்தான் குறையும்.

ஏசிதான் கணக்கில் வருவது. மதிய வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் 3 கிலோவாட் வரை காட்டியது. உள்ளே குளிர்ந்தபின் 1க்குக் கீழே இறங்கிவிட்டது. ஏசி எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அதற்குத் தக்கபடிதான் மின்சாரம் தின்னும், வண்டி ஓடும் தூரத்துக்குத் தக்கபடி இல்லை. அதனால் நெடுஞ்சாலையில் அவ்வளவாகத் தெரியாது. பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தில் ஊர்ந்தபோதுதான் நன்றாகத் தெரிந்தது.

முன்பு ஒரு தடவை ரேஞ்சுக்குப் பயந்து ஏசியை அணைத்துவிட்டேன். அப்பத்தா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனசு கேட்கவில்லை.

இப்போது சார்ஜர் மாட்டியிருக்கும்போதே பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுகிறேன். அந்த முதல் குளிர்ச்சிக்கான மின்சாரம் வீட்டு மீட்டரில் போய்விடும், பேட்டரியில் கை வைக்காது. அப்புறம் 26 டிகிரியில் வைத்து ஓட்டினால் போதும். போன வாரம் மதுரை போய்ச் சேர்ந்தபோது அப்பத்தா தூங்கிக்கொண்டிருந்தார்கள்.