கச்சான் காற்றும் அரைப் போத்தல் டெவலப்பரும்

உப்புவெளிக் கடற்கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்பவர்களை எடுத்த 36 படங்களைச் சென்ற ஆனி மாதத்தில் ஒரே இரவில் இழந்தேன். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் கரைத்த, படச்சுருளைக் கழுவிப் படத்தைத் தெரியவைக்கும் டி-76 என்ற டெவலப்பர், ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் பாதிக்கும் குறைவாக, குசினி அலுமாரியில் அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. ஊற்றும்போதே அது பிளேன்ரீ நிறத்தில் இருப்பதைக் கண்டேன், கண்டும் ஊற்றினேன். கழுவி எடுத்த சுருளில் வலையும் இல்லை, மனிதரும் இல்லை. தொழிற்சாலையிலேயே ஓரத்தில் பதித்து வரும், கழுவினால் தெரிய வேண்டிய இலக்கங்கள்கூட இல்லை. படம் விழாமல் இலக்கங்கள் மட்டும் தெரிந்திருந்தால் கமராவைச் சந்தேகித்திருப்பேன். இலக்கங்களும் இல்லாததால் பழி டெவலப்பர் மேல்தான்.

ஒரு லீற்றர் டி-76 கரைசலில் படத்தைத் தெரியவைக்கும் சரக்குகளான மெற்றோல் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம் இருக்கின்றன. சல்பைற்று இத்தனை மடங்கு இருப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, காற்றின் ஒட்சிசன் மற்ற இரண்டையும் அழிக்காமல் காவல் நிற்பதாகும். போத்தல் பாதி காலியானால் மேலே நிற்கும் காற்று அந்தக் காவலைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது. நிரம்பி இறுக மூடிய போத்தலில் ஆறு மாதம், பாதிப் போத்தலில் இரண்டு மாதம் என்று கொடக் நிறுவனம் குறிப்பிட்டிருக்கிறது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மூடிய வீட்டின் குசினியில் நிலவும் வெக்கைக்கு அந்தக் கணக்குப் பொருந்தும் என்று நம்பியதே என் பிழை.

இப்போது நீரைக் கொதிக்க வைத்து, மூடியபடியே ஆறவிட்டு, டெவலப்பர்த் தூளின் பொதியில் சொன்ன சூட்டுக்கு வந்ததும் தூளைக் கரைக்கிறேன். கொதிக்கும்போது நீரில் கலந்திருக்கும் காற்றின் பெரும்பகுதி போய்விடும். கரைசல் ஆறியதும் 100 மில்லிலீற்றர் கொள்ளும் பழுப்புக் கண்ணாடிப் போத்தல்கள் பத்தில், நுரை எழாமல் புனலைச் சரித்து, கழுத்துவரை நிரப்புகிறேன். ஒரு சுருளுக்கு இரண்டு போத்தல், அதே அளவு நீர். திறந்த போத்தலை மீண்டும் மூடி வைப்பதில்லை. போத்தல்கள் உள்ளறையில், கட்டிலுக்குக் கீழே வெறும் சீமெந்துத் தரையில் நிற்கின்றன. இதைவிடக் குளிரான இடம் எவருக்காவது தெரியுமா? குளிர்சாதனப்பெட்டியில் வைக்கலாமா?

திருக்கடலூரிலிருந்து, முன்னாள் ஸ்ரூடியோ ஊழியர் ஒருவர்:

தம்பி, குளிர்சாதனப்பெட்டியில் வைக்காதீர்கள். கரைந்த உப்புகள் அடியில் பளிங்காக இறங்கிவிடும். அவற்றை மீண்டும் முழுமையாகக் கரைப்பது எளிதல்ல. அதைவிட முக்கியமானது, உணவு இருக்கும் இடத்தில் இவை இருக்கவே கூடாது. எங்கள் ஸ்ரூடியோவில் உதவிக்கு வந்த பையன் ஒருவன், சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்த ஹைப்போவை, அதாவது கழுவிய படத்தை நிலைநிறுத்தும் கரைசலை, தண்ணீர் என்று எண்ணி வாயருகே கொண்டுபோனான். முதலாளி கையைத் தட்டிவிட்டதால் தப்பினான். உங்கள் பழுப்புப் போத்தல்களும் மருந்துப் போத்தல்கள்தாம் என்பதை மறக்க வேண்டாம். பழைய ஒட்டுத்தாளைச் சுரண்டிவிட்டு, பிளாஸ்ரரில் பென்சிலால் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிப்போகும்.

உண்மையைச் சொன்னால், எங்கள் காலத்தில் பாதுகாத்தல் என்ற பேச்சே எழவில்லை. அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடப் படம் என்று நாள் முழுவதும் வேலை இருந்ததால், டெவலப்பர் கெடுவதற்கு முன் தீர்ந்துவிடும். மாதத்துக்கு ஒரு சுருள் கழுவும் உங்களுக்குத்தான் இந்தச் சிக்கல். மீந்ததைப் பெரிய போத்தலில் வைக்க நேர்ந்தால், கழுவிய கண்ணாடிப் போளைகளைப் போட்டு நீர்மட்டத்தை வாய்வரை உயர்த்துவோம். எங்களுக்கு வெக்கையில் உண்மையில் தொல்லை தந்தது ஹைப்போதான்: அமிலம் கலந்த ஹைப்போ சூட்டில் கலங்கி, கந்தகத்தை மஞ்சள் தூளாக அடியில் இறக்கும். அந்த நிலைக்கு வந்ததை வடிகட்டிப் பயன்படுத்த நினைக்காமல் அகற்றிவிட வேண்டும்.

கன்னியாவிலிருந்து ஒருவர்:

என் அனுபவம் மாரிகாலத்தைச் சேர்ந்தது. வாடைக்காற்றுத் தொடங்கிய பிறகு, பாதிப் பொதியைக் கரைத்துவிட்டு மீதித் தூளை மடித்து வைத்தேன். ஒரு மாதத்தில் அது பழுப்புக் கட்டியாகிவிட்டது. தூளைப் பிரிப்பதே தவறு என்று பின்னர் அறிந்தேன், ஏனெனில் பொதியினுள் எல்லாச் சரக்கும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நிறத்தை மட்டும் நம்புவதும் கூடாது. அஸ்கோபிக் அமில வகையைச் சேர்ந்த எக்ஸ்டோல் என்ற டெவலப்பர், தெளிந்த நீர்போலத் தோன்றிக்கொண்டே செயலிழந்துவிடும்.

உப்புவெளியிலிருந்து மீண்டும்:

ஐயா, சொன்னபடி ஒட்டுத்தாள்களை மாற்றிவிட்டேன். நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் படச்சுருளின் நாக்கில், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில், ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே சிறிது டெவலப்பரில் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து மாதம் கடந்த ஒன்பதாம் போத்தலை நேற்றுத் திறந்து ஒரு கரண்டியளவு ஊற்றியபோது, துண்டு சில நிமிடங்களில் கரிபோலக் கறுத்தது. அதன் பிறகே பத்தாம் போத்தலையும் திறந்து, மறுபடியும் எடுத்து வந்த கரைவலைச் சுருளைத் தொட்டியில் ஏற்றினேன். இம்முறை ஓர இலக்கங்கள் தெரிகின்றன.