விண்டோஸ் 7ல குரோம் 109லயே நிக்குது, வேற வழி இருக்கா?

அப்பாவோட பழைய லேப்டாப், விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். குரோம் 109க்கு மேல ஏற மாட்டேங்குது. இத்தனை நாள் ஓட்டிட்டோம், இப்போ பேங்க் சைட்ல லாகின் வர்றதுக்கு முன்னாடியே பிரவுசரை அப்டேட் பண்ணுங்கன்னு நிறுத்திடுது. மெஷின் நல்லா ஓடுது, ஒரு பிரவுசருக்காக இத தூக்கிப் போட மனசு வரல. யூசர் ஏஜென்ட்ட (நான் இன்ன பிரவுசர், இன்ன வெர்ஷன்னு சைட்டுக்கு பிரவுசர் சொல்ற வரி) மாத்தினா உள்ள விட்டுடும்னு ஒருத்தர் சொல்றார், பண்ணலாமா?

பதில் 1:
தயவுசெஞ்சு பேங்க் சைட்டுக்கு அத பண்ணாதீங்க. புது வெர்ஷன்னு சைட்ட நம்ப வைக்கறதுதான் அது, பிரவுசர்ல இருக்குற ஓட்டை அப்படியேதான் இருக்கும். விண்டோஸ் 7க்கு காசு கட்டி வாங்கற பேட்ச்சும் 2023 ஜனவரி 10ஓட முடிஞ்சுது, அடுத்த மாசமே குரோம் 110 வந்து விண்டோஸ் 10 இருந்தாத்தான் ஓடும்னு ஆயிடுச்சு. வேணும்னே கழட்டி விடறாங்கன்னு நானும் முதல்ல கோவப்பட்டேன், ஆனா பிரவுசரோட சாண்ட்பாக்ஸ், அதாவது சைட்ட மத்த எதையும் தொட விடாம அடைச்சு வைக்கற வேலி, ஓஎஸ் குடுக்கற பாதுகாப்பு மேலதான் நிக்குது. உதாரணத்துக்கு, பேஜை காட்டற ப்ராசஸ் கெர்னல்ல (ஓஎஸ்ஸோட மையம்) விண்டோ, கிராஃபிக்ஸ் பாத்துக்கற வின்32கே பகுதிய தொடவே முடியாதபடி பூட்டற வசதி விண்டோஸ் 8லதான் வந்துச்சு, 7ல கிடையாது. அடியில இருக்குற ஓஎஸ் ஓட்டையா இருந்தா மேல இருக்கறத எவ்ளோ ஒட்டு போட்டாலும் பத்தாது.

பதில் 2:
அவசரத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (ரொம்ப நாள் பாதுகாப்பு அப்டேட் வர்ற வெர்ஷன்) போடுங்க, 7க்கு அதுதான் கடைசி. நிறுத்தற தேதிய ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொசில்லா பல தடவை தள்ளி வெச்சிருக்காங்க, ஆனா என்னிக்கும் அப்படியே இருக்கும்னு நம்பாதீங்க. ப்ராசசர் 64 பிட்டா இருந்தா லினக்ஸ் மின்ட்ல (விண்டோஸுக்கு பதிலா போடற இலவச ஓஎஸ்) எக்ஸ்எஃப்சிஈங்கற லேசான எடிஷன பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே பூட் பண்ணி வைஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க. 4 ஜிபிக்கு தாராளமா ஓடும், பிரவுசரும் புதுசாவே கிடைக்கும்.

கேட்டவர்:
64 பிட்தான். ஆனா அப்பாவோட ஸ்கேனருக்கு 7லதான் டிரைவர் இருக்கு, அத விட முடியாது.

பதில் 1:
அப்போ 7ஐ அழிக்காதீங்க. டிஸ்க்ல இடம் ஒதுக்கி ரெண்டையும் வெச்சுக்கலாம், ஸ்கேன் பண்ண 7, அதுல வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, நெட்டுக்கு மின்ட். ஆனா பார்ட்டிஷன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி அப்பாவோட ஃபைல் எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்துடுங்க, குரோம்ல சேவ் ஆகியிருக்குற பாஸ்வேர்டையும் சேர்த்து. நான் அத மறந்துட்டு ரொம்ப கஷ்டப்பட்டேன்.