போடி வீட்டுக் குழு: கார்த்திக்கின் கலோரிக் கணக்கு

ஞாயிறு

கார்த்திக் (காலை 6:48): மீனா அக்கா, எழுந்துவிட்டாயா? ஒரு சந்தேகம். பொங்கல் முடிந்ததிலிருந்து வாரத்துக்கு நாலு நாள் ஜிம். சாப்பிடுவதை எல்லாம் செயலியில் எழுதுகிறேன், தினமும் 2,150 கலோரியைத் தாண்டுவதில்லை. கையில் கட்டியிருக்கிற வாட்ச் தினமும் 2,750 செலவாகிறது என்கிறது. அப்படியென்றால் நாளுக்கு 600 குறைகிறது. நாலு வாரத்தில் இரண்டு கிலோவாவது இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 400 கிராம். எங்கே தப்பு?

செல்வி அத்தை (காலை 6:55): போன தடவை வந்தபோதே முகம் வாடித்தான் இருந்தது தம்பி. காலையில் ஒழுங்காகச் சாப்பிடு.

கார்த்திக் (காலை 6:57): அத்தை, 84 கிலோ இருக்கிறேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

மீனா (காலை 7:20): இப்போதுதான் பார்த்தேன் தம்பி. முதலில் அந்த 2,750-ஐ மறந்துவிடு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் கருவிகள் ஏழை எடுத்துச் சோதித்தார்கள். நாடித்துடிப்பை ஏழில் ஆறு நன்றாகவே சொல்லின. கலோரியில் எல்லாமே தடுமாறின. இருந்ததில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். 2,750-ல் 27 சதவீதம் என்றால் 740. நீ குறைத்ததாக நினைக்கிற 600 அந்தப் பிழைக்குள்ளேயே காணாமல் போய்விடும்.

கார்த்திக் (காலை 7:24): ஆனால் இணையத்தில் வயசு, உயரம், எடை போட்டுப் பார்த்தபோதும் 2,660 என்றுதானே வந்தது? இரண்டும் ஒத்துப்போகிறதே என்றுதான் நம்பினேன்.

மீனா (காலை 7:26): அதில் உழைப்பு எவ்வளவு என்று ஒரு கேள்வி இருந்திருக்குமே, என்ன தேர்ந்தெடுத்தாய்?

கார்த்திக் (காலை 7:26): மிதமான உழைப்பு.

மீனா (காலை 7:38): அங்கேதான் சிக்கல். கணக்கைப் போட்டே காட்டுகிறேன். எடையைப் பத்தால் பெருக்கு, 840. உயரம் 170 செ.மீ. அதை 6.25-ஆல் பெருக்கினால் 1,062. வயது 38, ஐந்தால் பெருக்கிக் கழி, 190. ஆண் என்பதால் 5 கூட்டு. மொத்தம் சுமார் 1,717. நீ நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல் எல்லாம் சேர்ந்து செலவழிக்கிற கணக்கு அது. 1990-ல் அமெரிக்காவில் மிஃப்லின் என்பவரும் கூட்டாளிகளும் 498 பேரை அளந்து உருவாக்கிய சூத்திரம். நம் ஊர் உடம்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், ஆனாலும் தொடங்குவதற்குப் பரவாயில்லை.

அதை அப்புறம் உழைப்புக்கு ஏற்றபடி பெருக்குகிறார்கள். நாற்காலி வேலை என்றால் 1.2, வந்தது 2,061. லேசான அசைவு 1.375, 2,362. மிதமான உழைப்பு 1.55, 2,662. நீ கடைசியை எடுத்துக்கொண்டாய்.

கார்த்திக் (காலை 7:40): வாரத்துக்கு நாலு நாள் ஜிம் போகிறேனே அக்கா.

மீனா (காலை 7:45): போகிறாய், ரொம்ப நல்லது, விடாதே. ஆனால் நாளுக்கு முக்கால் மணி, நாலு நாளும் சேர்ந்தால் மூன்று மணி நேரம். வாரத்தில் 168 மணி. மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால், காரில், சோபாவில். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அட்டவணையில் 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 2,110, மிதமான உழைப்பு என்றால் 2,710. நடுவில் எவ்வளவு பார். சரியாக 600. ஒரு வரியை மாற்றித் தேர்ந்தெடுத்ததில் உன் மொத்தக் குறைப்பும் போய்விட்டது.

கார்த்திக் (காலை 7:47): 😔 ஜிம் போகாத நாளில் முக்கால் மணி நடக்கிறேன். அதற்கு வாட்ச் 400 போடுகிறது. அதுவுமா?

மீனா (காலை 7:55): சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. உனக்கு முக்கால் மணிக்கு 63. சாதாரண வேக நடை அதைப்போல மூன்றரை மடங்கு, 220. அதில் 63 நீ நடக்காவிட்டாலும் செலவாகியிருக்கும். ஆக நடையால் கூடுதலாகக் கிடைத்தது 157. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, 28 கிராம், அதுவே 160 இருக்கும். நடையைக் குறைத்துச் சொல்லவில்லை தம்பி, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது தங்கம். நடந்த கணக்கைக் காட்டிச் சாப்பிடாதே என்கிறேன்.

பிரியா (காலை 8:10): மதினி, நான் ஒன்று சொல்ல வேண்டும். இவர் எழுதுவதில் எண்ணெய் இல்லை. நேற்று முட்டைக் குழம்பு வைத்தேன். செயலியில் "முட்டைக் குழம்பு ஒரு கப்" என்று போட்டுவிட்டார். தாளிக்கிற கரண்டியைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒரு கரண்டி எண்ணெய் 22 கிராம். குழம்புக்கு மூன்று கரண்டி ஊற்றுகிறேன். நாங்கள் மூன்று பேர்.

மீனா (காலை 8:13): ஆளுக்கு 22 கிராம். கிராமுக்கு 9 கலோரி. 200 வந்துவிட்டது, ஒரு வேளைக் குழம்பிலேயே. அளந்து பார்த்தாயே, அதுதான் பிரியா வேண்டும். சொல்லிக்கொண்டே இருப்போம், யாரும் கரண்டியைத் தராசில் வைக்க மாட்டார்கள்.

கார்த்திக் (காலை 8:15): அப்போது வாட்சும் தப்பு, சூத்திரமும் சந்தேகம், நான் எழுதினதும் தப்பு. எதை வைத்துத்தான் முடிவு பண்ணுவது?

ராஜேந்திரன் மாமா (காலை 8:31): மாப்பிள்ளை, நான் முப்பது வருஷம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். ஒரு கணக்கில் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியவில்லை என்றால் என்ன செய்வோம்? தொடக்க இருப்பு தெரியும். கடைசி இருப்பு தெரியும். எவ்வளவு போட்டார்கள் என்று தெரியும். மூன்றும் தெரிந்தால் எடுத்தது தானாக வரும். இங்கே இருப்பு என்பது உன் எடை, போட்டது நீ சாப்பிட்டது. எடுத்ததை வாட்சிடம் ஏன் கேட்கிறாய்?

மீனா (காலை 8:34): மாமா, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வையுங்கள்.

ராஜேந்திரன் மாமா (காலை 8:42): 400 கிராம் இறங்கினது 3,080. 28 நாளால் வகுத்தால் நாளுக்கு 110. சாப்பிட்டதாக எழுதினது 2,150. கூட்டினால் 2,260. மாப்பிள்ளை ஒரு நாளைக்குச் செலவழிப்பது 2,260. 2,750 இல்லை.

கார்த்திக் (காலை 8:45): ஆனால் எண்ணெயை எழுதவில்லையே மாமா, அந்த 2,150-ஏ பொய்தானே?

ராஜேந்திரன் மாமா (காலை 8:52): தினமும் ஒரே மாதிரி விட்டிருந்தால் கணக்கு நிற்கும். தராசு ஐம்பது கிராம் குறைத்துக் காட்டினாலும், வாங்குவதும் விற்பதும் அதே தராசில் என்றால் வித்தியாசம் சரியாகத்தான் வரும். எண்ணெயைச் சேர்த்தால் உன் செலவு 2,400-ஐத் தாண்டிப் போகும், உன் வரவும் அதே அளவு கூடும். குறைகிற 110 மாறாது. ஆனால் இன்றிலிருந்து எண்ணெயை எழுதப் போகிறாய் என்றால் பழைய லெட்ஜரை மூடிவிடு. புதுப் பக்கம். நடுவில் அளவை மாற்றினால் எதுவும் டேலி ஆகாது.

மீனா (காலை 9:05): எடையும் ஒரு நாள் எடை போதாது தம்பி. காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, காபிக்கு முன்னால். தினமும் எழுது. ஏழு நாள் சராசரிதான் அந்த வாரத்தின் எடை. நாலு வாரம். அதுவரை வாட்சில் நடை எண்ணிக்கையை மட்டும் பார்.

விஞ்ஞானிகளே ஒரு நாளில் முடிவு செய்வதில்லை. கனமான ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரில் அவை எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்ப்பார்கள். வெளியில் நடமாடுகிற மனுஷன் செலவழிப்பதை அளக்க அதைவிட நல்ல முறை இன்னும் இல்லை.

செல்வி அத்தை (காலை 9:20): மீனா, என் போனில் நேற்று 1,800 அடிதான் காட்டுகிறது. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன். மாடிக்குத் துணி காயப்போட மூன்று தடவை ஏறினேன்.

மீனா (காலை 9:22): போன் எங்கே இருந்தது அத்தை?

செல்வி அத்தை (காலை 9:23): அடுப்படி ஜன்னலில்.

மீனா (காலை 9:31): அது எப்படி எண்ணும் அத்தை, நடந்தது நீங்கள்தானே. உங்களுடைய அந்த நிற்பது, ஏறுவது, பெருக்குவது எல்லாம் உண்மையான செலவு. உடற்பயிற்சி என்று பெயர் வைக்காத அசைவு. ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு நடுவில் நூற்றுக்கணக்கான கலோரி வித்தியாசம் வருவதே பெரும்பாலும் அதனால்தான். உங்களுக்கும் கணக்குப் போடலாம். ஆனால் நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால், சில மாத்திரைகளில் சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வந்துவிடும். டாக்டரிடம் கேட்காமல் ஒரு இட்லியைக்கூடக் குறைக்க வேண்டாம்.

ராஜேந்திரன் மாமா (காலை 9:33): வியாழன் நானே கூட்டிப் போகிறேன்.

இரண்டாம் வாரம், திங்கள்

கார்த்திக் (காலை 6:15): அக்கா, 1.3 கிலோ ஏறிவிட்டது! ஞாயிறு உசிலம்பட்டியில் கல்யாணம். பிரியாணி சாப்பிட்டேன், மறைக்கவில்லை. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் போச்சு.

மீனா (காலை 6:40): 1.3 கிலோ கொழுப்பு என்றால் 10,000 கலோரி. ஒரே பந்தியில், செலவுக்கு மேல் பத்தாயிரமா? முடியவே முடியாது. சோற்று மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் போய் உட்காரும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போகும். உப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வயிற்றிலும் இன்னும் இருக்கும். எழுதி வை, அழிக்காதே. இன்று பட்டினி கிடக்காதே, அதுதான் முக்கியம். வழக்கம்போலச் சாப்பிடு.

பிரியா, நீயும் எடை எழுதுகிறாய் என்றால், மாதவிடாய் சமயத்தில் தண்ணீர் ஏறும். இந்த மாச மூன்றாம் வாரத்தைப் போன மாச மூன்றாம் வாரத்தோடு வைத்துப் பார்.

பிரியா (காலை 6:52): சரி மதினி. அதனால்தானா? நான் போன மாசம் அழுதே விட்டேன்.

கார்த்திக் (வியாழன், காலை 6:20): 1.1 இறங்கிவிட்டது அக்கா. ஒன்றுமே செய்யவில்லை, சாதாரணமாகத்தான் சாப்பிட்டேன்.

ஐந்தாம் வாரம், ஞாயிறு

கார்த்திக் (காலை 7:05): நாலு வாரமும் முடிந்தது. எண்ணெய், கடலை, ஆபீஸ் டீ எல்லாம் சேர்த்து சராசரி 2,050. முதல் வாரச் சராசரி எடை 83.6, நாலாம் வாரம் 82.7. மாமா, 900 கிராம் என்றால் 6,930. 28-ஆல் வகுத்தால் 247. செலவு 2,297 சரியா?

ராஜேந்திரன் மாமா (காலை 7:19): 28 இல்லை மாப்பிள்ளை. முதல் வாரச் சராசரி என்பது அந்த வாரத்தின் நடு நாள். நாலாம் வாரமும் அப்படித்தான். நடு நாளிலிருந்து நடு நாளுக்கு 21. 6,930-ஐ 21-ஆல் வகு, 330. செலவு 2,380.

மீனா (காலை 7:30): மாமா 🙏 தம்பி, 1.375 போட்டபோது என்ன வந்தது, 2,362. உன் உடம்பு சொல்வது 2,380. இனி இதுதான் உன் எண், உன் லெட்ஜரிலிருந்து வந்தது. 1,950-க்கு வா. வாரத்துக்கு 400 கிராம் அளவில் இறங்கும். அதற்குக் கீழே இப்போது போகாதே. முட்டை, பருப்பு, மீனைக் குறைக்காதே, எண்ணெயில் ஒரு கரண்டியும் ராத்திரி சோற்றில் பாதியும் போதும். நாலைந்து கிலோ இறங்கியதும் திரும்பக் கணக்குப் போடு. உடம்பு சின்னதானால் செலவும் குறையும், நீ ஏமாந்துவிடக் கூடாது.

கார்த்திக் (காலை 7:34): சரி அக்கா. மூன்று மாசமாக எனக்கு ஏதோ நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வி அத்தை (காலை 7:50): மீனா, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்து எழுதியிருக்கிறார். நடக்கலாம், சாப்பாட்டையும் மெதுவாகக் குறைக்கலாம் என்றார். மாமா காலண்டர் பின்பக்கத்தில் கட்டம் போட்டு அடுப்படியில் ஒட்டிவிட்டார். எடை மிஷினைப் பாயில் வைக்கலாமா?

மீனா (காலை 7:52): வேண்டாம் அத்தை, மொசைக் தரையில், தினமும் அதே இடத்தில். முதல் மாசம் எதையும் குறைக்காதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள்.

செல்வி அத்தை (திங்கள், காலை 5:40): 68.2. இன்னும் காபி குடிக்கவில்லை.