இருட்டில் மினுங்கிய கண்கள்: நம்ம ஊர்ப் பக்கம் நீங்கள் பார்த்தது எது?

கானாடுகாத்தான் பேரன்:
பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது கரண்ட் போய்விட்டது. டார்ச்சோடு இரண்டாம் கட்டுக்குப் போனேன். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. மேலே ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இரண்டு கண்கள், அசையாமல் என்னையே பார்க்கின்றன. வாட்ச்மேன் சிரித்தார்: "மரநாய்ங்க தம்பி, வாழைப்பழ வாசத்துக்கு வரும்." அப்பத்தா மட்டும், "உங்க பாட்டையா வந்து பாத்துட்டுப் போறாக" என்று கும்பிட்டார். மனுஷக் கண்ணும் அப்படி மினுங்குமா?

தேவகோட்டை வாத்தியார்:
பாட்டையாவாக இருந்தால் மினுங்கியிருக்காது. மரநாய், பூனை, நாய், மாடு எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. டபேட்டம் லூசிடம் என்பார்கள். விழித்திரையில் பிடிபடாமல் தப்பும் வெளிச்சத்தை இது திருப்பி அனுப்பும். இருட்டில் பார்க்க இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. மிச்ச வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால், டார்ச் பிடித்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும், பக்கத்தில் தள்ளி நிற்பவர் "எங்கேப்பா?" என்பார். டார்ச்சை நெற்றி ஓரமாகப் பிடித்துப் பாருங்கள்.

நமக்கும் குரங்குக்கும் அந்தப் படலம் கிடையாது. ஆனால் குரங்குக்குத் தூரத்துச் சொந்தமான தேவாங்குக்கு உண்டு. கரூர், திண்டுக்கல் பக்கம் 2022இல் அதற்கென்றே கடவூரில் சரணாலயம் அறிவித்தார்கள். ராத்திரியில் அதைத் தேடுகிறவர்கள் நம்புவதே அந்தச் செம்மஞ்சள் கண்ணொளியைத்தான்.

லோடு வண்டி, காரைக்குடி:
திருமயம் ரோட்டில் நடுராத்திரி ஒற்றைச் சிவப்புக் கங்கு தரையில் கிடக்கும். வண்டி கிட்டே போனதும் விருட்டென்று எழுந்து பறக்கும். எங்கள் கிளீனர் பையன் கொள்ளிவாய்ப் பிசாசு என்று இரண்டு நாள் சோறு திங்கவில்லை. அது பக்கி என்கிற ராத்திரிப் பறவை. பகல் சூடு ஆறாத ரோட்டில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பல நேரம் ஒன்றுதான் தெரியும்.

மாடு தூரத்திலேயே பச்சையாகக் காட்டிக் கொடுத்துவிடும், தலையைத் திருப்பினால். பன்றிதான் ஆபத்து. அதன் கண் மினுங்கவே மினுங்காது, கிட்டே போன பிறகுதான் கறுப்பாக ஏதோ குறுக்கே ஓடுகிறது என்று தெரியும்.

ஊருணிக்கரை:
ஆடு மாடு இருக்கட்டும், மழைக்கு அப்புறம் ஊருணிக் கரைப் புல்லில் டார்ச் அடித்துப் பாருங்கள். பனித்துளி என்று நினைப்பீர்கள், நீலப் பச்சையாக அத்தனை புள்ளிகள். குனிந்தால் ஒவ்வொன்றும் ஓநாய்ச் சிலந்தி! அதன் கண்ணுக்குள்ளும் இதே வேலைதான்.

பள்ளத்தூர் மருமகள்:
போட்டோவில் நமக்குச் சிவப்பாக விழுகிறதே, அது?

தேவகோட்டை வாத்தியார்:
அது படலம் இல்லை, கண்ணின் பின்பக்க ரத்த ஓட்டம். இருட்டில் கண் பாப்பா விரிந்திருக்கும். பிளாஷ் லென்ஸை ஒட்டியே இருந்தால் உள்ளே போன வெளிச்சம் சிவப்பாகத் திரும்பி நேரே கேமராவில் விழும். சில கேமராக்கள் படத்துக்கு முன் ஒரு தடவை மின்னுவது பாப்பாவைச் சுருக்கத்தான்.

பள்ளத்தூர் மருமகள்:
கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. காதுகுத்துப் படத்தில் என் தங்கை மகனுக்கு ஒரு கண் சிவப்பு, இன்னொன்று வெள்ளை. "கேமரா கோளாறு" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைத் தங்கை கேட்கவில்லை, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பிறவிக் கண்புரை. ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வளவு முழுக்க ஓடுகிறான்.

தேவகோட்டை வாத்தியார்:
நல்ல காரியம் செய்தார்கள். கோணல் பார்வையில் எடுத்தாலும் சில படத்தில் வெள்ளை விழும். ஆனால் விழித்திரைப் புற்றுநோயும் குழந்தைகளுக்கு இப்படித்தான் முதலில் தெரியவரும் என்பதால், வெள்ளையாகப் பட்டால் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். படத்தையும் அழிக்காமல் கொண்டுபோங்கள், அவர் கேட்பார்.