‘எப்பக்குள்ள’ என்று இங்கிலீஷில் கேட்கப் போய்...

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை எனக்கு, அதாவது துணி வாங்குகிற பையர்களோடு பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பது. சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்தது இது, இப்போது நினைத்தாலும் வயிறு கலங்கும். இங்கிலாந்து பையர் ஒருத்தருக்கு நான்கு கலரில் லேப் டிப் அனுப்பியிருந்தோம், அதாவது சாயம் போட்டுப் பார்த்த உள்ளங்கை அளவுத் துணி. அவர்கள் எப்பக்குள்ள ஓகே சொல்வார்கள் என்று தெரிந்தால்தான் சாயப்பட்டறையில் இடம் பிடிக்க முடியும். நான் எழுதின மெயில்: “அன்டில் வென் யூ வில் அப்ரூவ்?” அதற்கு வந்த பதில்: “வீ அப்ரூவ் கலர்ஸ் அன்டில் தி எண்ட் ஆஃப் ஆகஸ்ட்.”

அப்போது ஜூலை பாதிதான் ஆகியிருந்தது. சரி, நம்ம கலருக்கு ஓகே வர ஆகஸ்ட் கடைசி ஆகிவிடும்போல என்று நானே முடிவு பண்ணி, சாயப்பட்டறை அண்ணனிடம் “இப்ப இடம் வேண்டாம்ணே, செப்டம்பர்ல பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் அதை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். நான்காம் நாளே அப்ரூவல் வந்து நிற்கிறது! கலர் பார்க்கிற வேலை தங்களிடம் ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நடக்கும் என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டதும் அதைத்தானே, அவர்கள்மேல் என்ன தப்பு?

எங்கள் சீனியர் அக்கா அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து விளக்கினார். அதுவரைக்கும் நீடிக்கிற காரியத்துக்கு ‘அன்டில்’: காத்திருப்பது, தங்குவது, கடை திறந்திருப்பது. அதற்குள் ஒரு தடவை நடந்து முடிகிற காரியத்துக்கு ‘பை’: அனுப்புவது, முடிப்பது, வந்து சேர்வது. நான் கேட்டிருக்க வேண்டியது “பை வென் வில் யூ அப்ரூவ்?”

தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. வெள்ளி வரைக்கும் இருப்பேன், வெள்ளிக்குள்ள அனுப்புவேன் என்று சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். அப்புறம் எங்கே இடறியது என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளியில் ‘க்குள்’ என்றால் ‘வித்தின்’ என்று மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஆனால் நம்ம ‘க்குள்’ மூன்று நாளோடும் சேரும், வெள்ளிக்கிழமையோடும் சேரும். இங்கிலீஷ் அப்படி விடாது. இத்தனை நாள், இத்தனை மணி நேரம் என்று அளவு சொன்னால் ‘வித்தின்’, கிழமையோ தேதியோ சொன்னால் ‘பை’. ‘வித்தின் வென்’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கே ஒத்துவரவில்லை, அதனால்தான் கைக்குக் கிடைத்த ‘அன்டில்’-ஐப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள், எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

லெஸ்டர் அம்மா:
தம்பி, எனக்கு ‘இஃப்’ தான். இங்கிலாந்தில் மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது பேத்திக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். “ரிசல்ட் வந்தா போன் பண்ணுங்க” என்பதை அப்படியே “இஃப் தி ரிசல்ட் கம்ஸ், ப்ளீஸ் கால்” என்றேன். அந்த நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்டிப்பாக வரும், பயப்படாதீங்க என்று இரண்டு தடவை சொன்னாள். வராமலே போய்விடுமோ என்று நான் தவிப்பதாக நினைத்திருக்கிறாள். நம்ம ‘வந்தா’வில் சந்தேகமும் உண்டு, வந்ததும் என்கிற அர்த்தமும் உண்டு. நிச்சயம் வரப்போவதற்கு அவர்கள் ‘வென்’ தான் சொல்வார்களாம். அதிலும் “வென் இட் கம்ஸ்” தான், நடுவில் ‘வில்’ போடக்கூடாது என்று பேத்தி திருத்தினாள்.

புதன்கிழமை:
அண்ணா, ‘மூவ்டு ஃபார்வர்டு’ என்று மெயில் வந்தால் உடனே திருப்பிக் கேட்டுவிடுங்கள். புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் ஃபார்வர்டு பண்ணியிருக்கிறோம் என்றால், இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் சிலர் திங்கள் என்கிறார்கள், சிலர் வெள்ளி என்கிறார்கள். லெரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில் இதையே விமான நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். அழைத்துப் போக வந்து காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளி என்று அதிகமாகச் சொன்னார்களாம். ஃபார்வர்டு என்றால் ‘முன்’ என்றுதானே எடுத்துக்கொள்வோம், நமக்கு ‘முன்’ என்றால் முன்பக்கமும்தான், முந்தியும்தான். அதனால் எனக்கு அது திங்களாகத்தான் கேட்டது. திங்கள் காலை ஒன்பதரைக்கே லேப்டாப்போடு போய் உட்கார்ந்துவிட்டேன், ரூமில் யாருமே இல்லை. மீட்டிங் வெள்ளிக்கிழமை.

நூல்கண்டு:
லெஸ்டர் அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் டிராஃப்டில் இருந்த மெயிலைத் திறந்து பார்த்தேன். “இஃப் யூ ரிசீவ் தி சாம்பிள்ஸ்” என்றே எழுதி வைத்திருக்கிறேன். கூரியர் நேற்றே கிளம்பிவிட்டது. ‘வென்’ என்று மாற்றிவிட்டேன்.