துளசி கலியாண வேலைகள்

பெரியம்மா: படக்காரத் தம்பி இப்போதுதான் அழைத்தார். கலியாணப் படங்கள் றோவாக (RAW) வேண்டுமா, ஜேபெக் (JPEG) காணுமா என்று இரவுக்குள் சொல்ல வேண்டுமாம். றோ கோப்புகளும் தருவதென்றால் தனிக்காசு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணன், நீ சொல்லு ராசா.

பெரியப்பா: ஜேபெக் காணும்.

சித்தப்பா ரொறன்ரோ: எப்படிக் காணும் அண்ணை? காசு நான் அனுப்புகிறேன்.

பெரியப்பா: காசுக்கதை இல்லை.

கண்ணன்: பெரியம்மா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள். கமெராவின் சென்சர் பிடித்த ஒளியை ஏறத்தாழ அப்படியே சேமிப்பது றோ. அதே ஒளியில் கமெராவே நிறம், வெளிச்சம், கூர்மை எல்லாவற்றையும் தீர்மானித்து, மிச்சத்தை எறிந்துவிட்டுத் தருவது ஜேபெக். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் றோவில் 16,384 படிகள். சும்மா பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இருட்டாக விழுந்த முகத்தை வெளிச்சமாக்கப் போகும்போதுதான் தெரியும். ஜேபெக்கில் முகம் திட்டுத் திட்டாக உடையும், றோவில் கண்ணும் மூக்கும் தெளிந்து வரும்.

அம்மா: வெள்ளிக்கிழமை பலகாரச் சூட்டுக்கு யார் யார் வருகிறீர்கள்? பயற்றம் பணியாரத்துக்கு மா அரைக்கக் கொடுக்க வேண்டும்.

பெரியம்மா: கண்ணன், முழுக்க வாசித்தேன். 256 மட்டும் விளங்கியது.

கண்ணன்: அக்காவின் கலியாண அல்பத்தை எடுத்துப் பாருங்கள். அதுதான் விளக்கம்.

லண்டன் மாமி: தாலி கட்டும் படத்தில் நான் தலையிலிருந்து கால்வரை ஊதா. அந்தச் சேலை மாம்பழ மஞ்சள்!

லண்டன் மாமி: அந்தப் படக்காரரைப் பிடித்துத் தந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

சித்தப்பா ரொறன்ரோ: அக்கா, ஏழு வருடமாகக் கேட்காமலே கேட்கிறீர்கள்.

கண்ணன்: மண்டபத்து எல்ஈடி விளக்குகள் செய்த வேலை அது. அவர் எடுத்தது ஜேபெக். கமெரா நிறச்சமநிலையைப் பிழையாகக் கணித்து, அதையே படத்துக்குள் பதித்துவிட்டது. றோவில் அந்தக் கணிப்பு ஒரு குறிப்பாக மட்டும் இருக்கும், பிறகு மாற்றலாம். ஆனால் ஒன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். தனி நீல எல்ஈடி முகத்தில் அடித்தால் சிவப்பும் பச்சையும் சென்சரில் பதியவே பதியாது. இல்லாத நிறத்தை றோவிலிருந்தும் எடுக்க முடியாது. வெயிலில் வேட்டி முற்றாக வெளுத்துப் பதிந்தாலும் அப்படித்தான். ஆகவே தாலி கட்டும் நேரம் நிற விளக்குகளை அணைக்கும்படி மண்டபக்காரரிடம் இப்போதே சொல்ல வேண்டும். றோவுக்குக் கொடுக்கும் காசைவிட அது பெரிய உதவி.

பெரியப்பா: அது சரி.

துளசி: எனக்கு அன்றிரவே படங்கள் வேண்டும். தோழிகள் எல்லோரும் கேட்பார்கள்.

கண்ணன்: அதற்கு ஜேபெக்தான் துளசி. றோவைப் பெரும்பாலான கைப்பேசிகள் ஒழுங்காகக் காட்டாது. இரண்டு மெமரி கார்ட் போடும் கமெரா என்றால் ஒன்றில் றோ, மற்றதில் ஜேபெக் என்று ஒரே நேரத்தில் எடுக்கலாம். படக்காரரிடம் அப்படி உள்ளதா என்று கேளுங்கள் பெரியம்மா. இன்னொன்று, இந்தக் குழுவில் படமாகப் போட்டால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

சித்தப்பா ரொறன்ரோ: கொப்பி எடுக்க எடுக்க ஜேபெக் மங்கும் என்று இங்கே ஒருவர் சொன்னார்.

கண்ணன்: கொப்பி எடுத்தால் மங்காது சித்தப்பா. திறந்து, திருத்தி, திரும்பவும் ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழக்கும்.

பெரியப்பா: இவ்வளவையும் எங்கே வைப்பது?

கண்ணன்: 24 மெகாபிக்சல் கமெராவில் ஒரு றோ ஏறத்தாழ 25, 30 எம்பி. 2,000 படம் என்றால் 50, 60 ஜிபி. ஒரு ஹார்ட் டிஸ்க் இங்கே, ஒன்று ரொறன்ரோவில். ஒரே வீட்டில் இரண்டையும் வைக்கக் கூடாது. 95 இடப்பெயர்வில் பட்டது காணும்.

லண்டன் மாமி: இணுவில் வீட்டு அலுமாரியில் நான்கு அல்பம் இருந்தது. அதை விட்டுவிட்டுத் தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டினார் பெரியண்ணை.

பெரியப்பா: அந்த மெஷின்தான் சாவகச்சேரியில் எல்லோருக்கும் சோறு போட்டது.

பெரியம்மா: உண்மை. நான் தைத்தேன்.

லண்டன் மாமி: இல்லை என்று சொல்லவில்லை அண்ணி.

கண்ணன்: அப்பப்பா, அப்பம்மாவின் கலியாணப் படம் இன்று சுவரில் இருப்பது மாமியால்தான். 89இல் போகும்போது அப்பம்மா கடித உறைக்குள் வைத்துக் கொடுத்த நெகட்டிவ். அதிலிருந்துதான் புதிதாக அச்சிட்டோம், அப்பப்பாவின் முகமும் முன்னையைவிடத் தெளிவாக வந்தது. நெகட்டிவ் செய்த அந்த வேலையை இன்று றோ செய்கிறது. அப்பம்மாவுக்கு 91 வயது. அவர் துளசிக்கு அறுகரிசி போடும் படம் இன்னொரு முறை எடுக்கக் கிடைக்காது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சித்தப்பா ரொறன்ரோ: அண்ணை, என்ன சொல்கிறீர்கள்?

பெரியப்பா: மணவறையில் நடப்பது றோ. பந்திக்கு ஜேபெக்.

லண்டன் மாமி: பந்தியில் குடும்பப்படம் எடுப்பதில்லையா?

கண்ணன்: குடும்பப்படமும் றோவாக இருக்கட்டும். கோப்புகளைக் கையில் தர அவருக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். முடிக்காத வேலையைக் கொடுக்கப் பலர் தயங்குவார்கள், அது நியாயம்தான். றோவில் எடுத்து, திருத்திய ஜேபெக்கைத் தந்து, றோவை அழிக்காமல் வைத்திருந்தாலே பெரிய காரியம்.

பெரியம்மா: அவர் திரும்பவும் அழைக்கிறார். என்ன சொல்ல?

பெரியப்பா: இரண்டு கார்ட் இருக்கிறதா என்று முதலில் கேள். மிச்சம் நாளைக்குக் கதைப்போம். மண்டபக்காரரை நான் பார்க்கிறேன்.

சித்தப்பா ரொறன்ரோ: ஹார்ட் டிஸ்க் நான் கொண்டுவருகிறேன்.

துளசி: சித்தப்பா, டிக்கெட் எடுத்துவிட்டீர்களா?

சித்தப்பா ரொறன்ரோ: லீவு கேட்டிருக்கிறேன்.

அம்மா: வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

லண்டன் மாமி: நீர்வேலிக்கு அழைப்பு கொடுத்தாயிற்றா?