புதுப்பிப்பு: ஏற்காட்டு வீட்டில் பிற்பகலில் சூரிய மின் உற்பத்தி குறைந்ததன் காரணம்

எங்கள் ஏற்காட்டு வீட்டுக் கூரையிலுள்ள ஒன்பது சூரியத் தகடுகள், வெயில் நன்றாக அடிக்கும் நாளிலும் பிற்பகல் 3 மணிக்குமேல் பாதி மின்சாரம்கூடத் தருவதில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தகடுகளின் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கேற்ப மாற்றித்தரும் இன்வெர்ட்டரைப் புதிதாக வாங்கியிருந்தால் பணம் வீணாகியிருக்கும். ‘நிழலைப் பாருங்கள்’ என்ற ஒற்றை வரிதான் பலித்தது.

மாடியேறிப் பார்த்தபோது, பக்கத்துக் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் கிளையின் நிழல், ஐந்து தகடுகளின் அடி வரிசையில் சாண் அகலத்துக்குப் படிந்திருந்தது. ஒரு தகட்டில் மின்சாரம் உண்டாக்கும் சிறு சில்லுகளான செல்கள் அனைத்தும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல்பட்ட செல்கள் மின்னோட்டத்தைத் தடுக்கின்றன. அப்போது பைபாஸ் டயோடு என்ற மாற்றுவழிக் கருவி, தகட்டின் அந்தப் பகுதியை விலக்கிவிட்டு மின்னோட்டத்தைக் கடத்துகிறது. எங்கள் பழைய வகைத் தகடுகளில் அடி வரிசை முழுவதும் மறைந்ததால், தகட்டின் மூன்று பகுதிகளிலும் நிழல் பட்டு, பகுதிக்கு ஒன்றான மூன்று டயோடுகளும் இயங்கி, தகடே இல்லாதது போலாகிவிட்டது.

தோட்டக்காரரிடம் கேட்டு, கவாத்தின்போது அந்தக் கிளையைக் கழித்தோம். மறுநாளே மாலைச் சரிவு மறைந்தது.

எதிர்பாராத ஒன்று: சேலத்தில் என் மைத்துனர் வீட்டிலுள்ள அதே அளவுத் தகடுகளைவிட, தெளிந்த நண்பகலில் இங்கே சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. சிலிக்கான் தகடு ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் ஏறத்தாழ 0.4 சதவீதத் திறனை இழக்கும் என்பதால், மலைக்குளிர் எங்களுக்குச் சாதகமாகிறது. மூடுபனி நாள்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.